பக்கத்து ஊர்க்காரர்

மயிலாப்பூர் டிராமில் ஏறினால் முதலில் ஊரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் டிக்கெட். மற்றக் கண்டக்டர்கள் "எங்க போவணும்?" என்று கேட்பார்கள். இந்த வண்டிக் கண்டக்டர் "எங்கேர்ந்து வர்றே?" என்பார். லஸ்ஸிலிருந்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "அத்தக் கேக்கல நைனா. சொந்த ஊர் இன்னா?"

நான் பட்டணத்துக்கு வேலைக்கு வந்த புதிது. "சாத்தூர்" என்றேன். மனிதர் தோல்பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு என் தோளில் கையைப் போட்டார்.

"அட, பக்கத்து ஊரா! நம்மளுக்குக் கோயில்பட்டி!"

மெஸ்ஸில் "ரசமா, மோரா?" என்று கேட்பதைத் தவிர அதுவரை இந்தப் பட்டணத்தில் என்னிடம் யாரும் தாமாக வாய் திறந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளரிப்பிஞ்சு, காராச்சேவு, கோடையில் வறண்டு கிடக்கும் வைப்பாறு என்று ராயப்பேட்டை வரை பேசிக்கொண்டே போனோம். பேசியது நான், "ஆமா, ஆமா" என்றது அவர். பட்டணத்தில் நமக்கு ஒரு கோவில்பட்டிக்காரர் துணை இருக்கிறார் என்று வீட்டுக்கு எழுதிக்கூடப் போட்டேன்.

மறுநாள் அதே வண்டியில் ஒரு கும்பகோணத்து மாமா ஏறினார். "அட, பக்கத்து ஊரா! நம்மளுக்குப் பாபநாசம்!" அதற்கடுத்த நாள் ஒரு நெல்லூர்க்காரர். அவருக்குத் தெலுங்கிலேயே "மனதி கூடூரு!" என்று பதில் கிடைத்தது. நான் கைவிடப்பட்ட காதலியைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, நெசமா உங்களுக்கு எந்த ஊரு?"

"நீ எந்த ஊர் சொன்னே?"

"சாத்தூர்."

"அப்ப கோயில்பட்டி" என்று சொல்லி, டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆளைப் பார்த்தால் வடக்கத்திப் பயில்வான். ஆறடி உயரம், காதுவரை மீசை, பெயரின் கடைசியில் ஒரு 'சிங்'. வாயைத் திறந்தால் சுத்தமான மயிலாப்பூர்ச் சந்தை. செங்கல்பட்டைத் தாண்டி அவர் போனதே இல்லை. பொந்திலிக்காரர்கள் என்று அவர் கூட்டத்தைச் சொல்வார்கள். வடக்கே புந்தேல்கண்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு நடந்து வந்து, பட்டாளம் கலைந்த இடங்களில் எல்லாம் தங்கிவிட்ட குடும்பங்கள். இவருடைய பாட்டன் அப்படி வந்தவர். பர்மாச் சண்டைக்குக் கப்பலேறினார், திரும்பவில்லை. அப்போது இவருடைய அப்பா வயிற்றில் இருந்தார். பாட்டிக்குச் சர்க்கார் விதவைப் பென்ஷன் கொடுத்தது. புருஷனின் ஊர் எது என்று கேட்டால் அவள் வடக்கே கையைக் காட்டுவாளாம். அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவுதான் விலாசம்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஜப்பான்காரன் புண்ணியத்தில்.

ஜப்பான்காரன் பட்டணத்தின்மேல் குண்டு போடப் போகிறான் என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருஷம். நான் எல்லாரையும்விட ஒரு படி அதிகமாக நடுங்கினேன். காதில் வைக்கப் பஞ்சு, கடிக்க ரப்பர்த் துண்டு, தலைக்கு மெஸ்ஸிலிருந்து இரவல் வாங்கிய ஓர் அலுமினியக் குண்டான், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போவேன். ஒரு நாள் டிராம் போய்க்கொண்டிருக்கும்போது அபாயச் சங்கு ஊதியது. அடுத்த நிமிஷம் நான் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன். தலையில் குண்டான். பக்கத்தில் ஒரு கீரைக்காரியின் கூடை. குண்டு விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது டிக்கெட்டில் ஓட்டை போடும் சத்தம். இரண்டு காக்கிக் கால்கள் என் முகத்துக்கு நேராக வந்து நின்றன.

"டிக்கெட் வாங்கிக்கினு ஒளிஞ்சிக்கோ நைனா."

அந்த வாரமே ஊர் காலியானது. அரிசிமூட்டையோடும் அண்டாவோடும் ஜனங்கள் எழும்பூருக்குப் போனார்கள். அண்டாவுக்கும் ஓர் ஆள் டிக்கெட் போட வேண்டும் என்று அவர் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தார். நானும் டிரங்குப் பெட்டியோடு ஏறினேன். எனக்கு லீவு கிடையாது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தாயார் சாத்தூரில் உலக்கையோடு குத்துக்கல்லாக இருந்தாள்.

அன்றைக்கு அவர் யாரிடமும் ஊர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, எல்லாரும் தாங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழும்பூரில் என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் பாட்டன் கதையைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"பட்டணமே ஊருக்குப் போய்க்கினு கீது. வீட்ல அவ கேக்கறா, நாம எங்க போவணும்னு. நான் எங்க போவேன்? நீ சொல்லு நைனா, டிக்கெட் கிழிச்சுக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை என்பதை நான் ரயிலில் விழுப்புரம் தாண்டித்தான் கவனித்தேன். நான் அப்படித்தான். பயம் முதலில் வரும், புத்தி அடுத்த வண்டியில் வரும்.

ஜப்பான்காரன் வரவில்லை. ஆடி மாதம் திருட்டு முழியோடு திரும்பி வந்தேன். டிராமில் ஏறியதும் அவர் வண்டி முழுவதும் கேட்கும்படி, "ஜப்பான்காரன் வந்தான் நைனா. உன்னத்தான் கேட்டான். ஊருக்குப் போய்க்கீறார், ஆடில வான்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்" என்றார். கீரைக்காரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

அவருக்கு ஒரு பெண் இருந்தாள். மத்தியானம் மயிலாப்பூர்க் கோடி நிறுத்தத்துக்கு அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவருவாள். அங்கே ஒரு ஃபிட்டர் பையன் நிற்பான். டிராமின் தலைக்குமேல் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் நீளக் கழி சில சமயம் கழன்றுவிடும். அதைக் கயிற்றைப் பிடித்து மறுபடி மாட்டுவது அவன் வேலை. பெண் தூக்கோடு தெருமுனையில் திரும்பினால் போதும், கழி தானாகக் கழலும். அவன் மாட்டுவான். மறுபடி கழலும். டிரைவர் மணியைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய் பீடி பற்றவைத்துக்கொள்வார். அப்பா தலையைக் குனிந்து சாப்பிடுவார். மீசைக்குள்ளே சிரிப்பது வெளியே தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

பையனும் அதே கூட்டம்தான், சிங்தான். அவன் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றுத் தியாகராய நகரில் இருந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டது, ஜாதகம் சரியாகிவிட்டது. ஹவில்தார் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க பாட்டன் எந்தக் கிராமம்?"

அவர்கள் கூட்டத்தில் அது ஒரு கட்டு. ஒரே கிராமத்தில் பிறந்த வம்சம் என்றால் அண்ணன் தங்கை. வடக்கே அந்தக் கிராமத்தை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அது இப்போது இருக்கவேகூட வேண்டியதில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் கல்யாணம் கூடாது.

அப்போதுதான் கண்டக்டர் என் அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னை யாரும் அதற்கு முன்னும் பின்னும் தொப்பியைக் கழற்றிப் பார்த்ததில்லை.

"நீ பட்டாளத்துப் பென்ஷன் ஆபீஸ்லதானே கீறே? என் பாட்டிக்குப் பென்ஷன் குடுத்தானே வெள்ளக்காரன், பாட்டன் ஊரை எழுதிக்காம குடுத்திருப்பானா?"

"எழுதியிருப்பான் அண்ணே. ஊர், உயரம், மச்சம் எல்லாம் எழுதியிருப்பான்."

"அவங்க ஊர் கஜூரியாவாம். அத்தத் தவிர வேற எதுவா இருந்தாலும் சரி. நீ பாத்துச் சொல்லு." வாசல்வரை போனவர் திரும்பினார். "பொண்ணுக்காக மட்டும் கேக்கல. எனக்கும் தெரிஞ்சிக்கணும்."

பழைய கட்டுகள் ஆபீஸின் பின்பக்க அறையில் இருந்தன. மேலதிகாரி சாப்பிடப் போகும் நேரங்களில் நுழைந்து தேடினேன். தும்மல் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே தேடியதில் இரண்டு தடவை மூச்சுத் திணறியது. முதலில் பாட்டி கிடைத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பாட்டன் பட்டாளத்தில் சேர்ந்த நாளின் ஆள்பட்டியல். பெயர், தகப்பன் பெயர், கிராமம், உயரம், அங்க அடையாளம். மேலே முதல் ஆள், பட்டாளத்தில் நாயக் பதவி. அவர்தான் மற்றவர்களை ஊரிலிருந்து திரட்டிக் கூட்டிவந்தவர். பெயரைப் பார்த்தேன். கண்டக்டர் சொல்லியிருந்த, ஹவில்தாரின் பாட்டன் பெயர். கிராமம்: கஜூரியா. அதற்குக் கீழே வரிசையாக எல்லாருக்கும் இரண்டு சின்னக் கீறல்கள். டிட்டோ. மேலே உள்ளபடி. கண்டக்டரின் பாட்டனுக்கும் அதே இரண்டு கீறல்.

பட்டியல் எழுதியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அந்தக் கீறலின் அர்த்தம் தெரியும். அதற்கு 'மேலே உள்ளபடி' என்று அர்த்தமில்லை. 'எனக்குச் சோம்பலாக இருக்கிறது' என்று அர்த்தம். நானே ஒரு தடவை ஒரு பக்கம் முழுவதும் எல்லாச் சிப்பாய்களுக்கும் இடது கன்னத்தில் மச்சம் வைத்தவன். இதை எழுதிய பழைய குமாஸ்தா அதில் எனக்கு அண்ணன். உயரத்துக்கும் டிட்டோ போட்டிருந்தான். சூளையில் சுட்ட செங்கல் மாதிரி அத்தனை பேரும் ஒரே உயரம். கண்டக்டரின் பாட்டன் நடுவழியில் எந்தக் கிராமத்தில் வந்து சேர்ந்துகொண்டாரோ, யாருக்குத் தெரியும்? நாயக் கொண்டுவந்த ஆள், அதனால் நாயக்கின் ஊர். அவ்வளவுதான்.

எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை ரயிலேற முடியாது. டிராமை விட்டுவிட்டு ஆபீஸுக்கு நடந்தே போனேன். லஸ் மூலையில் டிராம் மணி கேட்டால் வெற்றிலைபாக்குக் கடைக்குப் பின்னால் ஒதுங்குவேன். ஜப்பான்காரனுக்குக்கூட நான் அப்படி ஒளிந்ததில்லை.

ஒளிந்த இடத்தில் அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் தூக்கு.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க, எங்கிட்ட சொல்லுங்கண்ணா. அதே ஊருதானே?"

என் முகத்துக்கு எந்தக் காலத்திலும் ரகசியம் தெரியாது.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிட முடியாதா?"

"கிழிச்சா எனக்குப் பென்ஷன் கிடைக்காதேம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம் வந்தால் எனக்கு வாயில் வேடிக்கை வரும். சிலருக்கு விக்கல் வருவதுபோல. அவள் சிரித்தாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சிரித்தாள். தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் என் வேடிக்கைகளுக்கு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வழியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் அவரே அறைக்கு வந்தார். இனி ஒளிய இடமில்லை. சொன்னேன்.

அவர் இடிந்துபோவார் என்று நினைத்து, தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவர் "கஜூரியா" என்றார். பிறகு மெல்ல, வாயில் போட்டுப் பார்ப்பதுபோல, "கஜூரியா" என்றார். முகமெல்லாம் மீசையாகச் சிரித்தார்.

"ஊர் கீது நைனா! எனக்கும் ஊர் கீது!"

அதற்கப்புறம்தான் அவருக்கு மற்றது உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கீறலின் கதையைச் சொன்னேன். உயரத்தைச் சொன்னேன். என் சிப்பாய்களின் மச்சத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, "உன் சோம்பலும் அவன் சோம்பலும் ஒண்ணா?" என்றார். "பாட்டன் நேர்ல நின்னுக்கினு கீறப்போ எழுதினது அது."

தியாகராய நகருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழிநெடுக நான் மன்றாடினேன்.

"அண்ணே, சாத்தூர்னா கோவில்பட்டி, கும்பகோணம்னா பாபநாசம். ஆயுசு பூரா எல்லார்கிட்டயும் பக்கத்து ஊருன்னு சொன்னீங்க. இன்னைக்கு ஒரே ஒரு நாள், கஜூரியாவுக்குப் பக்கத்து ஊருன்னு சொல்லுங்க. கல்யாணம் முடிஞ்சது. யாரு போய்ப் பாக்கப் போறா?"

அவர் பனகல் பூங்காவின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் பொய்யில்ல நைனா. எனக்கு ஊர் இல்ல. இல்லாதவன் எத்தச் சொன்னாலும் யாருக்கு இன்னா நஷ்டம்? இப்பக் கீது. கீற ஊரை எப்படி இல்லேங்கிறது?"

"பொண்ணு, அண்ணே."

"தெரியும்" என்றார். வேலியை விட்டுவிட்டு நடந்தார்.

ஹவில்தார் விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டில் பூந்தி வைத்திருந்தது. நல்ல செய்தியை எதிர்பார்த்திருந்தார்கள். கண்டக்டர் நின்றபடியே சொன்னார்.

"கஜூரியா."

நான் குறுக்கே விழுந்தேன். "ஐயா, அது நிச்சயமில்லை. உங்க தாத்தா கூட்டிவந்த எல்லாருக்கும் எழுதினவன் ஒரே உயரம் போட்டிருக்கான். அத்தனை பேரும் ஒரே உயரமா இருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க."

ஹவில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்க அதிகமில்லை, நான் குட்டை.

"எங்காளுங்க எல்லாம் ஒரே உயரம்தான்யா" என்றார்.

பிறகு எழுந்தார். கண்டக்டரை இறுகக் கட்டிக்கொண்டார். "எங்க தாத்தா கூட்டிக்கினு வந்த ஆளா உன் தாத்தா? அப்ப நீ என் தம்பிடா!" அந்தக் கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இவருக்கும் கொட்டியது. கதவுக்குப் பின்னால் ஃபிட்டர் பையன் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டு, "இது உன் சித்தப்பா, கால்ல விழு" என்றார்கள். விழுந்தான். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பூந்தியை எல்லாருக்கும் கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

அந்தப் பெண்ணை மறுவருஷம் வேலூர்ப் பக்கம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம் என்று கேள்வி. கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி போட அண்ணன் வரவேண்டும் என்றார் புரோகிதர். கூடப்பிறந்தவன் கிடையாது. கஜூரியா அண்ணன் வந்து போட்டான். கம்பியைப் பார்த்தே பழகியவன். தலையைக் குனியாமல் போட்டான். பாதிப் பொரி கீழே விழுந்தது.

டிராமில் கழி அதற்கப்புறம் கழலவில்லை. கண்டக்டரும் "எங்க போவணும்?" என்றுதான் கேட்டார், மற்றவர்களைப்போல. சாத்தூர்க்காரனோ நெல்லூர்க்காரனோ யார் ஏறினாலும் அவ்வளவுதான். என்னிடம் அவர் கோபமாகப் பேசியதே இல்லை. பண்டிகைக்கு ஹவில்தார் வீட்டுக்குப் போய்வந்ததைச் சொல்வார். 'எங்கூர்க்காரங்க' என்று சொல்வார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சுதந்திரம் வந்த சமயத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. பட்டணம் பார்த்திராத மனைவியை டிராமில் அழைத்துக்கொண்டு போனேன். அவருடைய வண்டிதான். மீசை நரைத்திருந்தது. டிக்கெட் கொடுத்தார். என் மனைவி ஆறுமுகநேரிக்காரி. யாரைப் பார்த்தாலும் உறவு விசாரிக்காமல் விடமாட்டாள். அந்த மீசையையும் உயரத்தையும் அண்ணாந்து பார்த்து, நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எந்த ஊருங்கய்யா?"

எனக்குக் காதில் அபாயச் சங்கு ஊதியது. காயல்பட்டினம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று தெய்வத்தை வேண்டினேன். 'அட, பக்கத்து ஊரா!' என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால், நான் அந்தப் பெஞ்சுக்கு அடியில் புகுந்து குண்டானோடு மிச்ச ஆயுளைக் கழிக்கத் தயாராக இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். மணிக்கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"உன் வீட்டுக்காரரக் கேளும்மா. அவருதான் கண்டுபிடிச்சாரு" என்று சொல்லி, இழுத்தார்.

வண்டி கிளம்பியது. "எந்த ஊரு? சொல்லுங்களேன்" என்று அவள் ராயப்பேட்டை வரை கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை.